அடுப்படியில் ஒரு பள்ளிக்கூடம்

காலை எட்டு மணி. அடுப்பில் சாம்பார் கொதிக்கிறது. இரண்டு வயது வாண்டு உங்கள் புடவைத் தலைப்பை இழுக்கிறது. அதட்டிப் பயனில்லை. எண்ணெய் தெறிக்கிற இடத்தில் அது நிற்பதுதான் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது!

அடுப்புக்கு எட்ட, ஆனால் உங்கள் கண்ணில் படும்படி, ஒரு பலகையைப் போடுங்கள். ஒரு பிடி கோதுமை மாவை மஞ்சள் பொடி தூவிப் பிசைந்து கொடுங்கள். பாம்பு, லட்டு, முறுக்கு என்று உருட்டிக்கொண்டே இருக்கும். பெரிசு, சின்னது, நீளம், குட்டை எல்லாம் விரலுக்குத் தானாகத் தெரிந்துவிடும். உப்பு மட்டும் சேர்க்காதீர்கள். வாயில் வைத்துப் பார்க்காத குழந்தை உண்டா? பச்சை மாவைத் தின்னவும் விடக்கூடாது.

புளியங்கொட்டை, சோழி, பட்டாணி வேண்டவே வேண்டாம். எங்கள் வீட்டில் ஒரு சோழி தொண்டை வரை போய்விட்டது. இன்று நினைத்தாலும் கை நடுங்குகிறது. மூன்று வயது தாண்டட்டும்.

மாவு அலுத்துவிட்டதா? தாம்பாளத்தில் இரண்டு டம்ளர். ஒன்றில் கொஞ்சம் தண்ணீர். இதிலிருந்து அதற்கு, அதிலிருந்து இதற்கு! 1939-ல் அடையாறுக்கு வந்து ஆசிரியைகளுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரின் முறையில் இந்த ஊற்றும் வேலையும் ஒரு பாடம்தான். தரை நனையத்தான் செய்யும். துடைக்க ஒரு சின்னத் துணியையும் அதன் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.