ஆணா, பெண்ணா? இறகு சொல்லும்

சேவலுக்குப் பெரிய கொண்டை உண்டு. ஆண் மயிலுக்கு நீண்ட தோகை உண்டு. பார்த்ததும் ஆண் என்று சொல்லிவிடுவோம். ஆனால் காகத்தில் எது ஆண்? எது பெண்? பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஊர்களில் காகத்தையும் மைனாவையும் தினமும் பார்க்கிறோம். ஆனாலும் சொல்ல முடிவதில்லை. இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

அதைத் தெரிந்து நமக்கு என்ன ஆகப் போகிறது? பிணந்தின்னிக் கழுகின் கதையைக் கேளுங்கள்.

கழுகுக்கு வந்த ஆபத்து

செத்த மாட்டைத் தின்று ஊரைச் சுத்தம் செய்யும் பறவை இது. 1990-களில் நம் நாட்டில் இவை கூட்டம் கூட்டமாகச் செத்தன. வெண்முதுகுக் கழுகுகளில் 100-க்கு 99-க்கு மேல் அழிந்துபோயின. மாட்டுக்கு வலி தீரப் போட்ட டைக்குளோஃபினாக் மருந்துதான் காரணம். மருந்து போட்ட மாடு செத்தால், அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் கெட்டுவிடும். 2006-இல் இந்திய அரசு மாடுகளுக்கு இந்த மருந்தைத் தடை செய்தது.

மிஞ்சிய கழுகுகளைப் பெருக்க அரியானா மாநிலம் பிஞ்சோரில் ஒரு வளர்ப்பு மையம் நடக்கிறது. கழுகு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து முட்டையிடும் பருவம் வரச் சில ஆண்டுகள் ஆகும். ஆணும் பெண்ணும் சரியான அளவில் சேராவிட்டால் அத்தனை ஆண்டுகளும் வீண். ஆனால் கழுகிலும் ஆண், பெண் ஒன்றுபோலவே இருக்கும்!

முன்பு பறவைக்கு மயக்க மருந்து கொடுத்து, வயிற்றில் சிறு துளை போட்டுப் பார்ப்பார்கள். அது பறவைக்கு ஆபத்து. இப்போது ஒரு சொட்டு இரத்தம் போதும். வேரோடு எடுத்த இறகும் போதும்.

சோதனை எப்படி நடக்கிறது?

எல்லா உயிரின் உடலும் செல் என்னும் நுண்ணிய அறைகளால் ஆனது. செல்லுக்குள் டி.என்.ஏ. என்னும் மெல்லிய இழை இருக்கிறது. நிறம், உருவம், ஆண், பெண் எல்லாம் அதில் எழுதியிருக்கிறது. இந்த இழை சுருண்டு கட்டுக்கட்டாக இருக்கும். அந்தக் கட்டுதான் குரோமோசோம்.

ஆண் பறவைக்கு இசட், இசட் என்று இரண்டும் ஒரே வகை. பெண் பறவைக்கு இசட் ஒன்று, டபிள்யூ ஒன்று. ஆகவே குஞ்சு ஆணா பெண்ணா என்பது தாய்ப்பறவையால் அமைகிறது. மனிதரில் இது நேர்மாறு. தகப்பனால்தான் அமைகிறது. பெண் குழந்தை பிறந்தால் தாயைக் குறை சொல்வது எவ்வளவு தவறு!

இசட், டபிள்யூ இரண்டிலும் ஒரே மாதிரியான ஒரு பகுதி உண்டு. ஆனால் நீளம் வேறு. ஆய்வுக்கூடத்தில் அந்தப் பகுதியைப் பல மடங்கு நகல் எடுப்பார்கள். பிறகு கூழ் போன்ற ஒரு பொருளில் வைத்து மின்சாரம் செலுத்துவார்கள். குட்டையான துண்டு வேகமாக ஓடும். நீளமானது பின்தங்கும். ஒரு கோடு தெரிந்தால் ஆண். இரண்டு கோடு தெரிந்தால் பெண்.

பெரும்பாலான பறவைகளுக்குப் பொருந்தும் இந்தச் சோதனையை 1998-இல் பிரிட்டன் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். நெருப்புக்கோழி, ஈமு போன்ற சில பறவைகளுக்கு மட்டும் இது பொருந்தாது. நம் நாட்டுக் கழுகுகளில் ஆண், பெண் அறிய டி.என்.ஏ. சோதனை பலிக்கிறது என்று 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. இசத்நகர் கால்நடை ஆராய்ச்சி நிலையமும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் அதில் சேர்ந்து உழைத்தன.

நாம் செய்ய வேண்டியது

சோதனை ஜோடி சேர்க்க உதவும். பிறக்கும் குஞ்சு பிழைப்பது நம் கையில். மாட்டுக்கு நோவு வந்தால் மனிதருக்கான வலி மருந்தைப் போடாதீர்கள். கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். கழுகைக் கொல்லாத மெலாக்சிகாம் என்னும் மருந்து இருக்கிறது.