மூன்றாம் வகுப்பில் தேறியவர்க்கு மேற்படிப்பு உண்டா?

பட்டத் தேர்வின் முடிவு வெளிவரும் நாளில் சில வீடுகளில் இனிப்பு வழங்குவார்கள். சில வீடுகளில் பேச்சே குறைந்துவிடும். மூன்றாம் வகுப்பில் தேறிய பிள்ளையின் வீடு இரண்டாவது வகையைச் சேர்ந்தது. மகன் அப்படித் தேறினால், "வேறு வழி பார்ப்போம்" என்கிறார்கள். மகள் தேறினால், "படித்தது போதும், வரன் பார்ப்போம்" என்கிறார்கள். பத்தாம் வகுப்பு மாணவிகளாகிய நாங்கள் கல்லூரி வாசலை இன்னும் மிதிக்கவில்லை. ஆயினும் எங்கள் அக்காமார் சிலர் இந்த நிலையில் நிற்பதைக் காண்கிறோம். அவர்களுக்கு உள்ள வழிகளை அறிந்து இங்கே கூற விரும்புகிறோம்.

தமிழகப் பல்கலைக்கழகங்களில் பொதுவாக 60 விழுக்காடும் அதற்கு மேலும் பெற்றால் முதல் வகுப்பு. 50 முதல் 60க்குள் இரண்டாம் வகுப்பு. 40 முதல் 50க்குள் மூன்றாம் வகுப்பு. மூன்றாம் வகுப்பும் தேர்ச்சிதான் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். பட்டம் பெற்றவர் பட்டதாரியே.

குறைந்த மதிப்பெண்ணால் சில இடங்கள் கிடைக்காமல் போவது உண்மை. மேலாண்மைக் கழகங்களுக்கான 'கேட்' தேர்வு எழுதப் பொதுப் பிரிவினர் பட்டப் படிப்பில் 50 விழுக்காடும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் 45 விழுக்காடும் பெற்றிருக்க வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகங்களின் முதுகலைச் சேர்க்கைக்கு 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு நடைபெறுகிறது. அதிலும் அந்தந்தப் பல்கலைக்கழகம் ஒரு குறைந்தபட்ச மதிப்பெண்ணை விதிக்கலாம். ஆகவே விண்ணப்பிக்கும் முன் விவரக் குறிப்பேட்டை வரி விடாமல் படிக்க வேண்டும்.

மதிப்பெண் கேட்காத இடங்களும் உள்ளன. 1985இல் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு, அரசியல் அறிவியல், ஆங்கிலம் போன்ற எம்.ஏ. படிப்புகளில் சேர ஒரு பட்டம் இருந்தால் போதும். இரண்டு ஆண்டுகளில் முடிக்கலாம்; முடியாதவர்க்கு நான்கு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. வேலைக்குச் செல்பவர்க்கும், வீட்டில் நோயாளியைக் கவனிப்பவர்க்கும் இது பெரிய உதவி. நம் மாநிலத்தில் 2002இல் தோன்றிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இப்படிப்பட்டதே.

முதுகலையில் சேர்வதால் என்ன பயன் என்று பெற்றோர் கேட்கலாம். கல்லூரி ஆசிரியர் பணிக்கான 'நெட்' தேர்வை முதுகலை முடித்து எழுதுவோர், முதுகலையில் 55 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. அவர்கள் இளங்கலையில் எந்த வகுப்பில் தேறினார்கள் என்று அந்தத் தேர்வில் கேட்பதில்லை. பி.எட். சேர்க்கைக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014இல் வகுத்த விதியும், இளங்கலையிலோ முதுகலையிலோ 50 விழுக்காடு இருக்கலாம் என்றே கூறியது. அதாவது, முதல் பட்டத்தில் நேர்ந்த குறையை இரண்டாம் பட்டத்தில் ஈடுசெய்ய முடியும். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினால் அந்தக் குறை நிலைத்துவிடும். மேலே படித்தால் அது பழைய கதையாகிவிடும்.

இதில் எச்சரிக்கையும் தேவை. சேரப்போகும் தொலைநிலைப் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் அந்த ஆண்டுக்கு உள்ளதா என்று பார்த்த பின்பே பணம் கட்ட வேண்டும். "பட்டமே வேண்டாம், நேரே எம்.ஏ. படிக்கலாம்" என்று ஆசை காட்டுவோரை நம்பலாகாது. மூன்றாண்டு இளங்கலை படிக்காமல் பெற்ற முதுகலைப் பட்டம் வேலைக்கு உதவாது என்பதை 2009இல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது.

மதிப்பெண் ஏன் குறைந்தது என்றும் பார்க்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டுக் கல்லூரியில் திடீரென்று ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தவர்கள் உண்டு. விருப்பமில்லாத பாடத்தில் பிறர் சொல்லுக்காகச் சேர்ந்தவர்கள் உண்டு. விடியற்காலையில் பேருந்து பிடித்து, இரவில் வீட்டு வேலையும் செய்து தேர்வு எழுதியவர்கள் உண்டு. காரணம் பாடம் என்றால் பாடத்தை மாற்றலாம். மொழி என்றால் தமிழில் எழுத இடமுள்ள படிப்பைத் தேடலாம். நேரமின்மை என்றால் அதை வீட்டார்தாம் தர வேண்டும்.

கணித மேதை இராமானுஜன் கணிதம் தவிர்த்த பாடங்களைக் கவனியாமல் எப்.ஏ. தேர்வில் தவறினார். ஆயினும் 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. எல்லாரும் இராமானுஜன் ஆக முடியாது. ஆனால் அவரிடம் பட்டம் இல்லையென்று அந்த அறிஞர்கள் ஒதுக்கவில்லை என்பது நினைக்கத் தக்கது.

மாணவிகளாகிய நாம் நன்கு படித்து உயர்ந்த வகுப்பில் தேற முயல வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் ஆனைக்கும் அடி சறுக்கும். அன்புள்ள பெற்றோரே, உங்கள் மகள் குறைந்த மதிப்பெண்ணோடு வந்து நிற்கும் நாளில் வரன் பட்டியலை எடுக்கும் முன், ஒரு விண்ணப்பப் படிவத்தை அவள் கையில் கொடுங்கள். அடுத்த தேர்வை எழுதுவது அவள் பொறுப்பு.