வீசா விண்ணப்பத்தில் உங்கள் கதையை நீங்களே சொல்லுங்கள்

விசுவமடுவுக்கு அப்பாலிருந்து ஒரு அம்மா எங்கள் பணிமனைக்கு வந்திருந்தார். கையில் ஒரு பொலித்தீன் உறை. அதற்குள் ஆங்கிலத்தில் ஒரு கடிதம். "பிள்ளை, இதில என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லு" என்றார்.

அது கனடா வீசா மறுப்புக் கடிதம். அவருடைய ஒரே மகள் திருமணமாகி ரொறன்ரோவில் இருக்கிறாள். முதற் பிள்ளை பிறக்கவிருந்தது. மகளுக்கு உதவியாக மூன்று மாதம் நின்றுவிட்டு வர அம்மா விரும்பினார். முகவர் ஒருவரிடம் காசும் கடவுச்சீட்டும் கொடுத்தார். இரண்டு மாதத்தில் இந்தக் கடிதம் வந்தது. 'நீங்கள் தங்கும் காலம் முடிந்ததும் கனடாவை விட்டு வெளியேறுவீர்கள் என்பதில் எனக்குத் திருப்தி இல்லை' என்பதே அதன் சாரம்.

விண்ணப்பத்தின் பிரதி அம்மாவிடம் இல்லை. பல தடவை கேட்ட பிறகே முகவர் அதைத் தந்தார். இருவரும் இருந்து வரிவரியாக வாசித்தோம். தொழில் என்ற இடத்தில் 'புடவைக்கடை உரிமையாளர்' என்றிருந்தது. அம்மாவுக்குக் கடை எதுவும் இல்லை. இரண்டு பசுக்களும் ஒரு ஏக்கர் மேட்டுக்காணியும் உண்டு. திருமண நிலை என்ற இடத்தில் 'விதவை' என்றிருந்தது. அம்மா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அவர் செத்ததெண்டு ஆர் சொன்னது?"

2009 மே மாதத்தில் காணாமற்போன கணவருக்காக, கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய உறவுகளின் போராட்டத்தில் வெயிலில் இருந்தவர் அவர். அவருக்குத் தெரியாமலே யாரோ ஒருவர் கணினியில் அவரை விதவையாக்கிவிட்டார்.

இப்படி நிரப்பப்பட்ட விண்ணப்பங்களோடு எம்மிடம் வந்தவர்கள் இவர் மட்டுமல்ல. ஆகவே, சுற்றுலா வீசாவுக்கு இணையத்தில் விண்ணப்பிப்பது பற்றி எமது சகோதரிகள் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

வீசா அதிகாரி எதைப் பார்க்கிறார்?

சுற்றுலா வீசா என்பது 'போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன்' என்று நாம் கொடுக்கும் வாக்கு. அதிகாரி எங்களைக் காண்பதில்லை. எங்கள் வளவையோ மாட்டுக்கொட்டிலையோ காண்பதில்லை. இணையத்தில் ஏற்றிய கடதாசிகளையே காண்கிறார். நாங்கள் யார், ஏன் போகிறோம், செலவு யாருடையது, ஏன் திரும்பி வருவோம் என்ற நான்கு கேள்விகளுக்கும் அந்தக் கடதாசிகளில் விடை இருக்க வேண்டும்.

வன்னிப் பெண்களுக்கு இங்கேதான் கஷ்டம். திரும்பி வருவதற்கான காரணங்கள் எங்களிடம் நிறைய இருக்கின்றன, ஆனால் அவை எழுத்தில் இல்லை. இடப்பெயர்வுகளில் பத்திரங்கள் எல்லாம் போய்விட்டன. அந்த இடைவெளியை உண்மையான கடதாசிகளால் நிரப்புவதற்குப் பதிலாக, முகவர்கள் பொய்யால் நிரப்பிவிடுகிறார்கள்.

இந்தியாவுக்குப் போவதென்றால்

கோவில் தரிசனத்துக்கும் உறவினரைப் பார்க்கவும் எம்மவர் அதிகம் போவது தமிழ்நாட்டுக்கு. 2015 ஏப்ரல் 14ஆம் திகதி முதல் இலங்கையர் இந்திய மின் வீசாவுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பலாலியிலிருந்து சென்னைக்கு 2019 நவம்பரில் தொடங்கிய விமான சேவை கொரோனாவால் நின்று, 2022 டிசெம்பரில் மீண்டும் ஆரம்பமானது.

முதலில் கவனிக்க வேண்டியது இணையத்தள முகவரி. இந்திய அரசின் தள முகவரி 'ஜிஓவி டொட் ஐஎன்' என்று முடியும். தேடும்போது அதைப் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்களும் வரும். 'அவசர வீசா' என்று சொல்லி அவை மேலதிகமாகப் பணம் அறவிடுகின்றன. அரச தளத்தில் அவசரக் கட்டணம் என்று ஒன்று இல்லை.

அடுத்தது படம். சதுர வடிவில், வெளிர் நிறப் பின்னணியில், கண்ணாடி அணியாமல், முகம் நேராகத் தெரிய எடுத்திருக்க வேண்டும். ஸ்ரூடியோவில் முகத்தை வெள்ளையாக்கித் திருத்திய படம் வேண்டாம். கடவுச்சீட்டின் விபரப் பக்கத்தை நான்கு மூலைகளும் தெரிய ஸ்கான் செய்யுங்கள். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கங்களும் வேண்டும். 30 நாள் சுற்றுலா வீசா என்றால் பயணத்துக்குக் குறைந்தது நான்கு நாட்களுக்கு முன்னரே விண்ணப்பியுங்கள். மறுக்கப்பட்டாலும் கட்டணம் திரும்பக் கிடைக்காது.

மின் வீசாவோடு எல்லா இடங்களாலும் உள்ளே போக முடியாது. அனுமதிக்கப்பட்ட விமான நிலையங்கள், துறைமுகங்களின் பட்டியல் அதே தளத்தில் உண்டு. காங்கேசன்துறையிலிருந்து கப்பலில் போக நினைப்பவர்கள் பட்டியலைப் பார்த்த பிறகே சீட்டு வாங்குங்கள். வைத்தியத்துக்குப் போகிறவர்கள் மருத்துவ வீசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

முன்னர் இந்தியாவுக்குப் போனீர்களா, வேறு நாட்டில் அடைக்கலம் கோரினீர்களா, எங்கிருந்தாவது திருப்பி அனுப்பப்பட்டீர்களா என்றும் அந்தப் படிவம் கேட்கும். தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து திரும்பியவர்கள் இதை மறைக்கக் கூடாது. முகாம் பதிவு, திரும்பி வந்த பத்திரங்கள் இருந்தால் தேடி எடுத்து வையுங்கள். சந்தேகம் இருந்தால், 2010 முதல் யாழ்ப்பாணத்தில் இயங்கும் இந்தியத் துணைத் தூதரகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

கனடாவுக்குப் போவதென்றால்

கனடாவுக்கு விண்ணப்பிப்பதும் இணையத்தில்தான். வீசாக் கட்டணம் 100 கனேடிய டொலர். விரல் அடையாளமும் படமும் கொடுக்க 85 டொலர். இவற்றை விண்ணப்ப நிலையத்துக்கு நேரில் போய்க் கொடுக்க வேண்டும். ஒரு தடவை கொடுத்தால் 10 வருடங்களுக்குச் செல்லும். இதற்கு மேலே முகவர் கேட்கும் இலட்சங்கள் கனடா அரசுக்குப் போவதில்லை.

கனடாவில் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ பெற்ற பிள்ளைகளின் பெற்றோருக்குச் 'சுப்பர் வீசா' என்ற வழியும் உண்டு. 2022 ஜூலை முதல் அதில் ஒரு தடவையில் ஐந்து வருடம் வரை தங்கலாம். ஆனால் பிள்ளைக்குக் குறிப்பிட்ட வருமானமும், பெற்றோருக்கு ஒரு இலட்சம் டொலருக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். இரண்டு மூன்று மாதம் நின்று வருவதற்குச் சாதாரண வீசாவே போதும்.

'மகள் நல்லா இருக்கிறாள், அவளின்ர வங்கிக் கணக்கைக் காட்டினால் சரிதானே' என்று பலரும் நினைக்கிறார்கள். மகளின் அழைப்புக் கடிதமும் வருமான விபரமும் தேவைதான். ஆனால் அவை யார் செலவு செய்வார் என்ற கேள்விக்கு மட்டுமே விடை. ஏன் திரும்பி வருவீர்கள் என்பதை உங்கள் பக்கத்துக் கடதாசிகள்தான் சொல்ல வேண்டும். நாங்கள் சேர்க்கச் சொல்பவை இவை:

காணிப் பத்திரம். உறுதி இல்லாவிட்டாலும் பயப்பட வேண்டாம். குடியேற்றத் திட்டங்களில் இருப்பவர்களிடம் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரமே இருக்கும். அதுவும் சான்றுதான்.

தொழில் விபரம். பால் கூட்டுறவுச் சங்கப் புத்தகம், கமநல சேவை நிலையப் பதிவு, தையல் கடைக்குப் பிரதேச சபை அனுமதி, தொழிற்சாலையில் வேலை என்றால் விடுமுறைக் கடிதமும் சம்பளச் சீட்டும்.

குடும்பம். இங்கே நிற்கும் பிள்ளைகளின் பாடசாலைக் கடிதம், நீங்கள் பராமரிக்கும் வயதான பெற்றோரின் விபரம், கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழ்.

இவற்றோடு உங்கள் கடிதம் ஒன்று. எப்போது போவீர்கள், எதற்காக, எப்போது திரும்புவீர்கள், நீங்கள் இல்லாத நாட்களில் மாட்டையும் வீட்டையும் யார் பார்ப்பார் என்று ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். தமிழிலுள்ள பத்திரங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் மூலம் ஆங்கிலத்துக்கு மாற்றி, மூலப்பிரதியின் படத்தையும் சேர்த்து ஏற்றுங்கள்.

வங்கிக் கணக்கில் திடீரென்று காசு

விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் உண்டியலில் வந்த காசைக் கணக்கில் போட்டு மீதியைக் கூட்டிக் காட்டுவது இங்கே வழமையாகிவிட்டது. ஆறு மாதம் ஐயாயிரம் ரூபாவோடு இருந்த கணக்கில் ஒரே நாளில் பத்து இலட்சம் வந்தால், இது யாருடைய காசு என்ற கேள்வி அதிகாரிக்கு வரும். உங்கள் கணக்கில் இருப்பதை இருந்தபடி காட்டுங்கள். மகள் செலவழிப்பதானால் மகள்தான் செலவழிக்கிறாள் என்று எழுதுங்கள். குறைந்த வருமானம் குற்றமல்ல.

பெயர் ஒன்று, எழுத்து இரண்டு

பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, கடவுச்சீட்டில் வேறொன்று. எமது பெண்கள் பலருக்கு இது உண்டு. விண்ணப்பத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதுங்கள். மற்றப் பத்திரங்களில் உள்ள பெயரும் உங்களுடையதே என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து இணையுங்கள். தொலைந்த பிறப்பு, விவாகச் சான்றிதழ்களின் பிரதிக்குப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் விண்ணப்பிக்கலாம். சண்டையில் அழிந்த பதிவுகளானால் நாளெடுக்கும், ஆகவே வீசாவுக்கு முன்னரே தொடங்குங்கள்.

கணவர் காணாமற்போனவர் என்றால்

படிவத்தில் மணமாகாதவர், மணமானவர், விதவை, விவாகரத்தானவர், பிரிந்து வாழ்பவர் என்றெல்லாம் இருக்கும். 'காணாமற்போனவரின் மனைவி' என்று இராது.

எமது சட்டத்தில் இரண்டு வழிகள் உண்டு. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் பெறலாம். அதை மனம் ஒப்பாதவர்களுக்காக, 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் காணாமற்போனமைக்கான சான்றிதழைக் கொண்டுவந்தது. எதைப் பெறுவது என்பது உங்கள் முடிவு. வீசாவுக்காக யாரும் உங்களை மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்ல முடியாது.

மரணச் சான்றிதழ் பெற்றவர்கள் விதவை என்று எழுதலாம். பெறாதவர்கள் சட்டப்படி இன்னும் மணமானவர்களே. மணமானவர் என்று எழுதி, கணவரின் பெயரைக் கொடுத்து, முகவரிக்குரிய இடத்தில் '2009 மே முதல் காணாமற்போயுள்ளார்' என்று குறிப்பிடுங்கள். சான்றிதழ் அல்லது முறைப்பாட்டுப் பிரதி இருந்தால் சேர்த்து, கடிதத்திலும் இரண்டு வரி எழுதுங்கள். படிவத்தில் ஒன்றும் கடிதத்தில் இன்னொன்றுமாக இருந்தால்தான் சிக்கல்.

இயக்கம் பற்றிய கேள்வி

படை, ஆயுதக் குழு என்பவற்றில் இருந்தீர்களா என்ற கேள்வி பல நாட்டுப் படிவங்களிலும் வரும். கனடா 2006இல் விடுதலைப் புலிகளைப் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டது. இருந்தேன் என்று எழுதினால் வீசா மறுக்கப்படக்கூடும் என்பது உண்மை. 'இல்லையெண்டு போடுங்கோ' என்று முகவர் சுலபமாகச் சொல்லிவிடுவார். பொய் பிடிபட்டால் கனடாவுக்கு ஐந்து வருடம் விண்ணப்பிக்க முடியாது, பிரித்தானியாவானால் பத்து வருடம் வரை தடை வரலாம். தடை உங்கள் பெயரில்தான் வரும், முகவரின் பெயரில் அல்ல. புனர்வாழ்வு பெற்றவர்கள், பலவந்தமாகச் சேர்க்கப்பட்டவர்கள் விண்ணப்பிக்க முன்னரே இது தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் ஆலோசனை கேளுங்கள்.

யார் நிரப்பினாலும் பொறுப்பு உங்களுடையது

கொமினிக்கேசன் கடையிலோ, படித்த பிள்ளை ஒருவரைக் கொண்டோ நிரப்புவதில் பிழையில்லை. ஆனால் மின்னஞ்சல் முகவரி உங்களுடையதாக இருக்கட்டும். கடவுச்சொல்லை நீங்களே எழுதி வையுங்கள். அனுப்ப முன்னர் ஒவ்வொரு வரியையும் தமிழில் வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். பிரதி ஒன்றை எடுத்து வையுங்கள். பணம் பெற்று விண்ணப்பத்தைக் கையாள்பவர் தன்னைப் பிரதிநிதி என்று கனடாவுக்கு அறிவிக்க வேண்டும். 'என் பெயர் வரக்கூடாது' என்று சொல்பவரிடம் கடவுச்சீட்டைக் கொடுக்காதீர்கள். 'வீசா நிச்சயம்' என்று சொல்பவரையும் நம்பாதீர்கள். அந்த உறுதியை எந்தத் தூதரகமும் தருவதில்லை.

முகவரை நம்பிக் கடலில் போனவர்களின் கதையும் எமக்குத் தெரியும். 2022 நவம்பரில், கனடா போகலாம் என்று புறப்பட்ட 303 இலங்கையர் பழுதடைந்த கப்பலில் தத்தளித்து, மீட்கப்பட்டு, வியட்நாமில் இறக்கப்பட்டார்கள்.

மறுக்கப்பட்டால்

மறுப்புக் கடிதத்தைக் கிழித்துப் போடாதீர்கள். காரணம் அதில்தான் இருக்கிறது. அதே கடதாசிகளோடு அடுத்த கிழமையே மீண்டும் விண்ணப்பிப்பது கட்டணத்தை வீணாக்குவது. குறிப்பிட்ட காரணத்துக்குப் புதிய சான்று கிடைத்த பிறகே விண்ணப்பியுங்கள். அதிகாரி எழுதிய குறிப்புகளை, கனடாவிலுள்ள உறவினர் உங்கள் சம்மதத்தோடு ஐந்து டொலர் கட்டி எடுத்துத் தரலாம். 'முன்னர் வீசா மறுக்கப்பட்டதா' என்று அடுத்த படிவம் கேட்கும்போது ஆம் என்றே எழுதுங்கள்.

விசுவமடு அம்மா மீண்டும் விண்ணப்பித்திருக்கிறார். மகள் கனடாவில் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டாள். முன்னைய விண்ணப்பத்தில் இருந்த பிழைகளை அம்மாவே கடிதத்தில் சொல்லித் திருத்தினார். கடை இல்லை, இரண்டு பசு. பால் சங்கப் புத்தகம். காணி அனுமதிப்பத்திரம். மணமானவர், கணவர் காணாமற்போயுள்ளார். ஒவ்வொரு வரியையும் நான் வாசிக்க, "ஓம், அது சரி" என்று சொன்ன பிறகே அடுத்த வரிக்குப் போனோம். முழுதாக ஒரு பின்னேரம் எடுத்தது.

இதை எழுதும்வரை பதில் வரவில்லை. பேரப்பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டது. வீசா வருமா என்று என்னால் சொல்ல முடியாது. இம்முறை அந்தப் படிவத்தில் இருப்பது அவருடைய சொந்த வாழ்க்கை. "இப்ப ஆர் கேட்டாலும் பயமில்லாமல் பதில் சொல்லுவன்" என்கிறார் அம்மா.

சகோதரிகளே, நீங்களும் அப்படிச் சொல்லக்கூடிய விண்ணப்பத்தையே அனுப்புங்கள்.