பூந்தமல்லி மைனாவும் மெல்போர்ன் மைனாவும் ஒண்ணா? ஜெல்லில் ஓடிய புரதம் சொன்ன கதை

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீக்கடை வாசலில் பிஸ்கட் துகளுக்குச் சண்டை போடும் மைனாவைப் பார்க்காதவர்கள் குறைவு. மஞ்சள் அலகு, கண்ணோரம் மஞ்சள் தோல், பறக்கும்போது இறக்கையில் பளிச்சென்று வெள்ளை. இதே மைனா ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலும், ஹவாயிலும், தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் திரிகிறது. வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே அச்சு. ஆனால் உள்ளே?

இதற்கு 1987-லேயே ஒரு விடை கிடைத்துவிட்டது. அதுவும் டி.என்.ஏ. பரிசோதனை இல்லாமல், புரதங்களை வைத்தே!

மைனா கடல் கடந்தது எப்படி?

தானாகப் பறந்து போகவில்லை. மனிதர்கள்தான் கூண்டில் அடைத்துக் கப்பலில் கொண்டுபோனார்கள். 1860-களில் மெல்போர்னில் பூச்சிகளைத் தின்னட்டும் என்று திறந்துவிடப்பட்டது. 1865-ல் ஹவாய்க்குப் போனதும் பயிரைத் தின்னும் புழுக்களை ஒழிக்கத்தான். 1870-களில் நியூசிலாந்து. அப்புறம் பிஜி. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டர்பனில் கூண்டுப் பறவைகள் தப்பித்துப் பெருகின.

புரதத்தை வைத்து என்ன கண்டுபிடிக்க முடியும்?

உடலில் எந்தப் புரதம் எப்படி அமைய வேண்டும் என்பதை மரபணு தீர்மானிக்கிறது. மரபணுவில் ஒரு சின்ன மாற்றம் வந்தால், புரதத்தில் ஒரு அமினோ அமிலம் மாறலாம். அப்போது சில நேரம் அந்தப் புரதத்தின் மின்னூட்டமும் மாறும்.

இங்கேதான் எலெக்ட்ரோஃபோரசிஸ் என்ற உத்தி வருகிறது. பறவையின் ரத்தம், தசை அல்லது கல்லீரலில் இருந்து எடுத்த சாற்றை மாவுச்சத்தால் செய்த ஜெல்லில் வைத்து மின்சாரம் பாய்ச்சுவார்கள். மின்னூட்டத்துக்கு ஏற்ப ஒரு புரதம் வேகமாக நகரும், இன்னொன்று பின்தங்கும். பிறகு குறிப்பிட்ட நொதி இருக்கும் இடத்தை மட்டும் சாயம் போட்டுக் காட்டினால், ஜெல்லில் பட்டை பட்டையாகத் தெரியும்.

எல்லாப் பறவைக்கும் பட்டை ஒரே இடத்தில் நின்றால், அந்தப் புரதத்தில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை என்று அர்த்தம். வேறு வேறு இடத்தில் நின்றால், அந்த மரபணுவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் இருக்கின்றன. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து வேறொன்று வாங்கிய பறவையைக்கூட இதில் அடையாளம் காணலாம்.

1966-ல் லெவன்டின், ஹப்பி என்ற இரண்டு விஞ்ஞானிகள் பழ ஈக்களில் இந்த முறையைப் பயன்படுத்தி, ஓர் இனத்துக்குள் இவ்வளவு வேறுபாடா என்று உலகத்தை வியக்க வைத்தார்கள். அதன் பிறகு காட்டுப் பறவைகள் பக்கமும் ஆய்வு திரும்பியது.

மைனாவில் என்ன தெரிந்தது?

ஆலன் பேக்கர், அப்துல் மொயீத் ஆகியோர் இந்திய மைனாக்களையும், வெளிநாடுகளில் குடியேறிய மைனாக்களையும் ஒப்பிட்டார்கள். 30-க்கும் மேற்பட்ட மரபணு இடங்களின் புரதங்கள் சோதிக்கப்பட்டன.

இந்தியாவில் இருந்த சில அரிய மரபணு வடிவங்கள் வெளிநாட்டு மைனாக்களில் காணாமல் போயிருந்தன. அதோடு, சுமார் 100 ஆண்டுகளுக்குள்ளேயே, இந்திய மைனாக்கள் தங்களுக்குள் வேறுபடுவதைவிட வெளிநாட்டுக் கூட்டங்கள் ஒன்றுக்கொன்று அதிகம் வேறுபட்டு நின்றன.

காரணம் எளிது. பெரிய டின்னில் இருக்கும் மிக்சரில் ஒரு கை அள்ளினால், கையில் முந்திரி வராமலே போகலாம். இன்னொருவர் கையில் கடலை மட்டும் அதிகமாக வரலாம். கப்பலில் போன கொஞ்சம் மைனாக்களும் அப்படித்தான். அவை கொண்டுபோன மரபணுக்கள்தான் அங்கே முதலீடு. இதற்குப் பெயர் நிறுவனர் விளைவு. கூட்டம் சிறியதாக இருக்கும்போது தலைமுறைக்குத் தலைமுறை தற்செயலாக நடக்கும் ஏற்ற இறக்கம் மரபியல் நகர்வு. மைனாக்களைப் பிரித்தது பெரும்பாலும் இந்த அதிர்ஷ்டக் கணக்குதான். இயற்கைத் தேர்வு அல்ல என்பதே ஆய்வாளர்கள் வந்த முடிவு.

இப்போது டி.என்.ஏ. இருக்கே?

உண்மைதான். புரத முறைக்கு ஒரு குறை உண்டு. மின்னூட்டத்தை மாற்றாத மரபணு மாற்றங்கள் ஜெல்லில் பெரும்பாலும் தப்பித்துவிடும். டி.என்.ஏ.-வில் அவையும் சிக்கும். அண்மைய மரபணு ஆய்வு ஒன்று, மெல்போர்ன் மைனாக்களின் பூர்வீகம் மகாராஷ்டிரா பக்கம் என்றும், நியூசிலாந்து மைனாக்கள் மெல்போர்னில் இருந்து போனவை என்றும் காட்டியது.

சரி, இதனால் நமக்கு என்ன?

மரபணு வகை குறைந்தும் மைனா ஜெயித்துவிட்டது. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி இனங்கள் பட்டியலிலேயே இடம் பிடித்திருக்கிறது. புதிய இடத்தில் வேகமாகப் பெருகியதால், இழப்பு ஓரளவோடு நின்றது.

எல்லாப் பறவைக்கும் அந்த வாய்ப்பு இல்லை. நீலகிரி, ஆனைமலை, கொடைக்கானல் போன்ற மலை உச்சிகளில் மட்டும் வாழும் ‘ஷோலிகோலா’ என்ற சின்னஞ்சிறு சோலைப் பறவைகளைப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒரு இனம், தெற்கே வேறு இனம் என மரபணுவிலேயே பிரிந்து நிற்கின்றன. 2017-ல்தான் இவற்றுக்கு இந்தப் புதிய பேரினப் பெயர் கிடைத்தது. சோலைக்காடு சுருங்கினால் இவை இறங்கி வந்து டீக்கடை வாசலில் பிழைக்க முடியாது. வடக்கே அழிந்ததை, தெற்கே இருந்து கொண்டுவந்து ஈடுகட்டவும் முடியாது.

அதனால்தான் எத்தனை பறவை மிச்சம் இருக்கிறது என்ற கணக்கு மட்டும் போதாது. அவற்றுக்குள் எத்தனை விதம் மிச்சம் இருக்கிறது என்பதையும் எண்ண வேண்டியிருக்கிறது.