எழுத்துப் பலகை காட்டாத நோய்

சர்க்கரை உள்ள ஒருவரிடம் "கண்ணைக் காட்டினீர்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "எனக்குத்தான் நன்றாகத் தெரிகிறதே, எதற்கு?" அவர் சொல்வது பொய்யில்லை. பேப்பர் படிக்கிறார், தூரத்தில் வரும் பேருந்தின் எண்ணைச் சரியாகச் சொல்கிறார். ஆனால் விழித்திரை நோயைப் பொறுத்தவரை பார்வை மிகத் தாமதமாக வரும் சாட்சி. ரத்தக்குழாய்கள் புடைத்து, கசிந்து, அடைத்துக்கொண்டு, கள்ளத்தனமாகப் புதிய குழாய்களும் முளைத்திருக்கும். நடுப்பகுதி மட்டும் தப்பியிருந்தால், எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை தடையின்றிப் படித்துவிடலாம்.

சென்னையில் நடந்த 'க்யூர்ஸ்' கண் ஆய்வு 2005-ல் வெளியானது. அதில் சர்க்கரை உள்ளவர்களில் 17.6 சதவீதத்தினருக்கு விழித்திரை பாதிப்பு இருந்தது. என்னைப் பொறுத்தவரை அதைவிட முக்கியம் அதே ஆய்வின் இன்னொரு எண். சர்க்கரை இருப்பதே அந்த ஆய்வில்தான் தெரியவந்தவர்களிலும் 5.1 சதவீதத்தினருக்கு விழித்திரை ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தது. சர்க்கரை என்று தெரிந்த உடனேயே கண் பாப்பாவை விரிய வைக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். "முதலில் சர்க்கரை கட்டுக்குள் வரட்டும், கண்ணை அப்புறம் பார்க்கலாம்" என்பது தவறான வரிசை.

மஞ்சள் சாயம், ஒளி ஸ்கேன்

விழித்திரையில் எது கசிகிறது, எது அடைத்திருக்கிறது என்று முதலில் காட்டியது ஃபுளோரசின் என்னும் சாயம். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த நொவோட்னி, ஆல்விஸ் என்ற இரண்டு மாணவர்களின் வேலை அது. யார் உடம்பில் முதலில் சாயத்தை ஏற்றுவது என்று காசு சுண்டிப் பார்த்தார்கள், ஆல்விஸ் தோற்றார். அவர்களது கட்டுரை கண் மருத்துவ இதழில் இடம் கிடைக்காமல் 1961-ல் இதயம், ரத்த ஓட்டம் பற்றிய 'சர்க்குலேஷன்' இதழில் வந்தது. இன்றும் கையில் ஊசி போட்டு, நொடிக்கணக்கில் அடுத்தடுத்துப் படம் எடுக்கும் அந்த முறை இருக்கிறது. பரிசோதனைக்குப் பிறகு தோல் லேசாக மஞ்சளிக்கும், ஒரு நாள் சிறுநீரும் அடர் மஞ்சளாகப் போகும். மஞ்சள் காமாலையோ என்று பயப்பட வேண்டாம்.

அடுத்த பெரிய மாற்றம் 1991-ல் வந்தது. டேவிட் ஹுவாங், எரிக் ஸ்வான்சன், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ ஆகியோர் சேர்ந்த குழு 'சயின்ஸ்' இதழில் ஓசிடி என்ற ஸ்கேனை அறிமுகப்படுத்தியது. எக்ஸ்ரே கதிர்வீச்சும் இல்லை, ஊசியும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் ஒளியை அளந்து, விழித்திரையை அடுக்கடுக்காக வெட்டிப் பார்த்தது போன்ற படத்தைத் தருகிறது. விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாவின் தடிமனே ஏறத்தாழ கால் மில்லிமீட்டர்தான். அதற்குள் சில மைக்ரான் அளவு நீர் கோத்திருந்தாலும் இந்தப் படத்தில் தெரிந்துவிடும். தாடையை வைத்து, ஒரு புள்ளியைப் பார்த்தபடி சில நொடி அசையாமல் இருந்தால் போதும். கண்டுபிடித்த மூவருக்கும் 2023-ல் லாஸ்கர் விருது கிடைத்தது.

இந்த ஸ்கேன் வந்த பிறகு ஒரு புதுச் சிக்கலும் கூடவே வந்தது. படத்தில் தெரிவதையெல்லாம் உடனே சரிசெய்ய வேண்டுமா? அதற்குப் பதில் கிடைக்க ஆண்டுகள் ஆயின. அதற்கு முன் சிகிச்சைகள் எப்படி வந்தன என்று பார்ப்போம்.

ஒரு கண்ணுக்கு லேசர், மறு கண் சும்மா

சர்க்கரையால் சின்னஞ்சிறு ரத்தக்குழாய்கள் அடைபடும்போது விழித்திரைக்கு ஆக்சிஜன் போதாமல் போகிறது. அது விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்து புதிய குழாய்களை முளைக்க வைக்கிறது. இந்தக் குழாய்கள் பலவீனமானவை. லேசாக இழுபட்டாலும் உடைந்து ரத்தம் கொட்டும். லேசர் வைப்பது என்பது, பசியோடு கிடக்கும் ஓரப் பகுதிகளைச் சுட்டு, அவற்றின் ஆக்சிஜன் தேவையையே குறைத்துவிடுவது.

இது பலன் தருமா என்று 1970-களில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. 1,700-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணில் மட்டும் லேசர், மற்றதைத் தொடவில்லை. எந்தக் கண் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். 1976-ல் முடிவு வந்தபோது, லேசர் வைத்த கண்களில் கடுமையான பார்வை இழப்பு பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. அதன் பிறகு மற்ற கண்ணுக்கும் லேசர் வைக்க அனுமதித்து ஆய்வின் விதியையே மாற்றினார்கள். ஒரே மனிதரின் இரு கண்களை ஒப்பிட்டதால் வயது, சர்க்கரை அளவு, ரத்த அழுத்தம் என்று எந்தச் சாக்கும் சொல்ல வழியில்லை. இதைவிட நேர்த்தியான ஒப்பீடு மருத்துவத்தில் அதிகமில்லை என்று நினைக்கிறேன்.

லேசருக்கும் விலை உண்டு. சுட்ட இடம் திரும்ப வராது. ஓரப் பார்வை கொஞ்சம் குறையும், இருட்டில் தடுமாற்றம் வரலாம். ஏற்கெனவே போன பார்வையை அது மீட்டுத் தருவதும் அரிது. இருப்பதைக் காப்பதே அதன் வேலை.

ஐம்பது டாலரும் இரண்டாயிரம் டாலரும்

சுடாமல் ஊசியால் தடுக்கும் வழி புற்றுநோய் ஆராய்ச்சியிலிருந்து வந்தது. புற்றுக் கட்டிகள் தங்களுக்குப் புதிய ரத்தக்குழாய்களை வரவழைத்துத்தான் வளர்கின்றன என்று ஜூடா ஃபோக்மன் 1971-ல் எழுதினார். விஇஜிஎஃப் புரதத்தை நெப்போலியோன் ஃபெராரா 1989-ல் பிரித்தெடுத்தார். அதை முடக்கும் பெவாசிசுமாப் 2004-ல் குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது, கடைப்பெயர் அவாஸ்டின். கண்ணுக்கென்றே வடிவமைத்த ரானிபிசுமாப், லூசென்டிஸ் என்ற பெயரில் 2006-ல் வந்தது. அது வருவதற்குள்ளேயே, 2005-ல், மயாமியைச் சேர்ந்த ஃபிலிப் ரோசன்ஃபெல்ட் புற்றுநோய் மருந்தைச் சிறு அளவில் கண்ணுக்குள் செலுத்திப் பார்த்திருந்தார். மாக்குலாவில் கோத்திருந்த நீர் வற்றியது ஓசிடி படத்தில் தெரிந்தது.

அப்போது லூசென்டிஸ் ஓர் ஊசி அமெரிக்காவில் ஏறத்தாழ 2,000 டாலராக இருந்தது. அவாஸ்டினைச் சிறு சிறு ஊசிகளாகப் பிரித்தால் ஒன்று சுமார் 50 டாலர்தான் ஆனது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் மருந்து நிறுவனத்துக்கு என்ன ஆசை இருக்கப்போகிறது! அமெரிக்க அரசின் தேசியக் கண் ஆய்வு நிறுவனம் செலவை ஏற்று 'கேட்' ஆய்வை நடத்தியது. முதுமையால் மாக்குலா கெட்டுப்போன ஏறத்தாழ 1,200 பேரில், ஓராண்டு முடிவில் இரண்டு மருந்தும் பார்வைக்குச் சமமான பலன் தந்தன. அது வெளியான ஆண்டு 2011.

சர்க்கரையால் மாக்குலாவில் நீர் கோப்பவர்களுக்கு வேறு ஆய்வு வேண்டியிருந்தது. 2015-ல் வந்த அந்த முடிவு, மேலே சொன்ன இரண்டோடு அஃப்லிபர்செப்ட் என்பதையும் சேர்த்து மூன்று மருந்துகளை ஒப்பிட்டது. தொடக்கத்தில் பார்வை 6/12 அல்லது அதைவிட நன்றாக இருந்தவர்களுக்கு மூன்றும் ஒன்றே. 6/15 அல்லது அதைவிட மோசமாக இருந்தவர்களுக்கு அஃப்லிபர்செப்ட் ஓராண்டில் முந்தியது. இரண்டாம் ஆண்டில் ரானிபிசுமாப் அதை எட்டிப்பிடித்துவிட்டது. ஆகவே "எது சிறந்த ஊசி?" என்று மொட்டையாகக் கேட்பதில் பயனில்லை. "என் பார்வை இப்போது இருக்கும் நிலைக்கு எது போதும்?" என்று கேட்டால் மருத்துவரால் தெளிவாகப் பதில் சொல்ல முடியும். ரானிபிசுமாபை ஒத்த இந்தியத் தயாரிப்பும் 2015 முதல் இருக்கிறது. அதையும் விசாரியுங்கள்.

கண்ணுக்குள் ஊசி என்றதும் பலர் எழுந்து போய்விடுகிறார்கள். மரத்துப்போகச் சொட்டு மருந்து, கிருமி நீக்கப் பழுப்பு மருந்து, பிறகு வெள்ளை விழிப் பகுதியில் மிக மெல்லிய ஊசி, மருந்து 0.05 மில்லிதான், சில நொடியில் முடிந்துவிடும். பயப்பட வேண்டியது வலிக்கு அல்ல, கிருமித் தொற்றுக்கு. இரண்டாயிரம் மூவாயிரம் ஊசிக்கு ஒன்று என்ற அளவில் அது வரலாம். ஊசி போட்ட சில நாட்களுக்குள் கண் சிவந்து, வலித்து, பார்வை மங்கினால் அடுத்த தவணை வரை காத்திராமல் அன்றே திரும்பப் போக வேண்டும்.

படத்தில் நீர், பார்வையில் குறையில்லை

படத்தில் தெரிவதையெல்லாம் உடனே சரிசெய்ய வேண்டுமா என்று மேலே விட்ட கேள்விக்கு 2019-ல் பதில் கிடைத்தது. ஓசிடியில் மாக்குலாவின் நடுவிலேயே நீர், ஆனால் பார்வை 6/7.5 அல்லது அதைவிட நன்று. இப்படிப்பட்ட 702 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உடனே ஊசி, இன்னொன்றுக்கு லேசர், மூன்றாவது பிரிவைக் கண்காணித்து, மோசமானால் மட்டும் ஊசி. இரண்டு ஆண்டு கழித்துப் பார்வை குறிப்பிடத்தக்க அளவு குறைந்தவர்கள் முறையே 16, 17, 19 சதவீதம். பெரிய வித்தியாசமில்லை. கண்காணிப்புப் பிரிவில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஊசியே தேவைப்படவில்லை.

படம் மட்டுமே முடிவு செய்யாது, பார்வை மட்டுமே முடிவு செய்யாது. ஆனால் இந்தக் கண்காணிப்பு என்பது வீட்டில் சும்மா இருப்பது அல்ல. அந்த ஆய்வில் குறித்த தேதியில் வந்து ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்களின் கணக்கு இது.

திரும்பி வருவாரா?

புதுக் குழாய்கள் முளைத்துவிட்ட கட்டத்தில் லேசருக்குப் பதில் ஊசி மட்டும் போட்டாலும் பலன் குறைவில்லை என்று 2015-ல் இன்னோர் ஆய்வு காட்டியது. ஓரப் பார்வையும் தப்புகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2019-ல் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வந்த சிறிய ஆய்வு ஒன்று கண்ணைத் திறக்கிறது. சிகிச்சைக்குப் பின் ஆறு மாதத்துக்கும் மேல் மருத்துவமனைப் பக்கமே வராமல் இருந்தவர்களின் 76 கண்களைப் பார்த்தார்கள். ஊசி மட்டும் போட்டிருந்த 30 கண்களில் 10-ல் கடைசியில் விழித்திரை இழுபட்டுக் கழன்றிருந்தது. லேசர் வைத்திருந்த 46 கண்களில் 1-ல் மட்டுமே.

ஊசி மருந்து சில வாரங்களில் தீர்ந்துவிடும். லேசர் தழும்பு அங்கேயே இருக்கும். நம் ஊரில் இது சின்ன விஷயமில்லை. கண் மருத்துவமனைக்குப் போக ஒரு நாள் கூலி போகிறது, துணைக்கு மகனோ மகளோ லீவு போட வேண்டியிருக்கிறது, பாப்பா விரிந்திருப்பதால் அன்று வண்டி ஓட்டவும் முடியாது. ஆகவே மாதாமாதம் வர முடியுமா என்று மருத்துவர் கேட்டால் கௌரவம் பார்க்காமல் உண்மையைச் சொல்லிவிடுங்கள். "கண்டிப்பாக வருகிறேன் டாக்டர்" என்று மரியாதைக்குச் சொல்லும் வார்த்தை சிகிச்சையையே தவறான பக்கம் திருப்பிவிடும். அவ்வளவு தூரம் வர முடியாதவருக்குப் பழைய லேசரே பாதுகாப்பு.

பூச்சி பறந்தால், மின்னல் வெட்டினால்

விழித்திரைக்கு முன்னால் கண்ணின் உட்குழியை நிரப்பியிருப்பது விட்ரியஸ், இளம் நுங்கு மாதிரியான தெளிந்த கூழ். ஐம்பது, அறுபது வயதில் அது நீர்த்துச் சுருங்கி, விழித்திரையிலிருந்து பிரியும். அப்போது கண் முன் பூச்சி பறக்கும், ஓரத்தில் மின்னல் வெட்டும். பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் இந்த அறிகுறிகளோடு திடீரெனக் கூழ் பிரிந்தவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு விழித்திரையில் கிழிசல் இருக்கும். அந்தக் கிழிசல்தான் விழித்திரை கழல்வதற்குக் காரணம் என்று சுவிட்சர்லாந்தின் லொசானில் ஜூல் கோனான் நிறுவும்வரை அந்த நோய்க்கு மருந்தே இல்லை. இப்போது கிழிசலாக இருக்கும்போதே லேசரால் சுற்றி ஒட்டிவிடலாம். புதிதாகப் பூச்சிகள் பெருகினாலோ, மின்னல் தெரிந்தாலோ, ஒரு பக்கம் திரை இறங்கினாலோ அன்றே போங்கள். அங்கே எழுத்துப் பலகையோடு அனுப்பிவிடாமல், பாப்பாவை விரிய வைத்து ஓரம் வரை பார்க்கச் சொல்லுங்கள்.

விட்ரியஸை வெளியே எடுக்கும் அறுவை சிகிச்சையை 1970-ல் மயாமியில் தொடங்கியவர் ராபர்ட் மாகெமர். முட்டையின் வெள்ளைக் கருவில் ஒத்திகை பார்த்துத்தான் கருவியை உருவாக்கினார். இன்று அரை மில்லிமீட்டர் துளை வழியாகத் தையல் இல்லாமலே செய்கிறார்கள். சர்க்கரையால் கண்ணுக்குள் ரத்தம் கொட்டியவர்களுக்கு ஊசியா, அறுவையா என்று 2020-ல் வந்த ஆய்வு, ஆறு மாதக் கணக்கில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் காணவில்லை. அறுவை செய்தவர்களுக்குப் பார்வை சீக்கிரம் திரும்பியது. இன்னொரு கண்ணிலும் பார்வை இல்லாதவருக்கு அந்தச் சில வாரங்கள் பெரிது.

மாக்குலாவில் துளை விழுந்தாலும், விழித்திரை கழன்றாலும் இந்த அறுவையின் முடிவில் கண்ணுக்குள் வாயுவை நிரப்புவதுண்டு. குமிழி சரியான இடத்தில் அழுத்துவதற்காகச் சில நாள் கவிழ்ந்து படுக்கச் சொல்வார்கள். அந்த வாயு கரையும்வரை, அதாவது வகையைப் பொறுத்து சில வாரம் முதல் இரண்டு மாதம் வரை, விமானம் ஏறக் கூடாது. உயரே போகப் போக வாயு விரிந்து கண்ணின் அழுத்தம் ஏறிவிடும். ஊட்டி, கொடைக்கானல் கல்யாணத்துக்குப் போகும் முன்பும் மருத்துவரைக் கேளுங்கள். அதற்குள் வேறு எதற்காவது மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால், கண்ணுக்குள் வாயு இருப்பதை முதல் வேலையாகச் சொல்லிவிடுங்கள். நைட்ரஸ் ஆக்சைடு கொடுத்தால் அந்தக் குமிழி நிமிடங்களில் பெருத்துவிடும்.