ஜாமீன்தாரர் மெக்னீசியம்!

பைக்கில் விழுந்து கை எலும்பு உடைந்தபோது ஸ்டீல் பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடியதும் அதைக் கழற்ற மறுபடி கத்தி, மறுபடி லீவு, மறுபடி பில்!

"தானா கரையற சமாசாரம் எதுவும் கிடையாதா, டாக்டர்?"

"மெக்னீசியம் ஸ்க்ரூ இருக்கே. 2013-லயே ஐரோப்பாவுல அனுமதி கொடுத்துட்டாங்க."

வேகம்தான் வில்லன். உடம்பின் உப்புநீரில் மெக்னீசியம் அரித்து, ஹைட்ரஜன் வாயு கிளம்பும். 1907-ல் பெல்ஜியம் டாக்டர் லாம்போட், உடைந்த காலில் மெக்னீசியத் தகடு வைத்து, தங்க முலாம் பூசிய எஃகு ஆணிகளால் இறுக்கினார். உப்புநீரில் இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டால் பேட்டரி! எட்டே நாளில் தகடு சிதைந்து, தோலுக்கடியில் வாயு.

அரிப்பை நிதானமாக்கத்தான் இப்போது இட்ரியம் போன்றவற்றைக் கலக்கிறார்கள்.

பி.காம். பாஷையில் சொன்னால், நல்ல ஜாமீன்தாரர் கடன் அடையும்வரை நிற்பார்; அடைந்ததும் காணாமல் போவார். பாதியில் ஓடினால்தான் வம்பு!