கடுங்குளிரில் கேரேஜ் கதவு: ஓப்பனர் வாங்கும் முன் அறிய வேண்டியவை

கனடாவின் வின்னிபெக் நகரில் ஜனவரி மாத இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிதன்று. அத்தகைய ஒரு காலையில் கார் நிறுத்தும் கேரேஜின் கதவு திறக்க மறுத்தால், அன்றைய வேலை, பள்ளி, மருத்துவமனைப் பயணம் என அனைத்தும் தடைபடும். திறந்த கதவு மூடாமல் நின்றுவிட்டாலோ, கேரேஜை ஒட்டிய அறைகள் குளிர்ந்து, அவற்றின் சுவர்களுக்குள் செல்லும் தண்ணீர்க் குழாய்கள் உறையும் அபாயம் உண்டு.

டொரண்டோ பெருநகரப் பகுதியில் தமிழர்கள் பெருமளவில் வாழ்கின்றனர். இந்தியாவிலிருந்து சென்று அங்கு முதன்முறையாக வீடு வாங்கும் குடும்பங்களுக்கு முன்பின் பழக்கமில்லாத கருவிகளுள் ஒன்று, கேரேஜ் கதவை இயக்கும் 'ஓப்பனர்'. கடைகளில் அதன் பெட்டி மீது குதிரைத்திறன் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். ஆனால், குளிர்ப் பகுதி வீட்டுக்கு ஓப்பனர் வாங்குவோர் கடைசியாகக் கவனிக்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

எடையைத் தாங்குவது ஸ்பிரிங்

மேல்நோக்கி மடிந்து திறக்கும் கேரேஜ் கதவை அமெரிக்காவைச் சேர்ந்த சி.ஜி. ஜான்சன் 1921-இல் உருவாக்கினார். அதை மின்சாரத்தால் இயக்கும் ஓப்பனர் 1926-இல் வந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கடந்தும் அடிப்படைத் தத்துவம் மாறவில்லை. கதவின் எடையைத் தாங்குவது, அதன் மேற்பகுதியில் உள்ள முறுக்கு ஸ்பிரிங். சமநிலைப்படுத்தப்பட்ட அந்தக் கதவை நகர்த்துவது மட்டுமே மோட்டாரின் வேலை.

இரண்டு கார்களுக்கான, 16 அடி அகலமும் 7 அடி உயரமும் கொண்ட வெப்பக்காப்பு எஃகுக் கதவு பெரும்பாலும் 70 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. ஸ்பிரிங் சரியாக இருந்தால் அதை ஒருவர் கையால் எளிதாகத் தூக்கிவிடலாம். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் எவ்வளவு திறன் மிக்க மோட்டாரும் திணறும்.

இதை அறிய எளிய சோதனை உண்டு. கதவு மூடியிருக்கும்போது, ஓப்பனரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துக் கதவை விடுவித்து, கையால் பாதி உயரம் வரை தூக்க வேண்டும். அங்கேயே நின்றால் சமநிலை சரி. கீழே இறங்கினாலோ மேலே ஏறினாலோ முதலில் சரிசெய்ய வேண்டியது ஸ்பிரிங்கைத்தான்.

வீடுகளில் வழக்கமாகப் பொருத்தப்படும் ஸ்பிரிங் சுமார் 10,000 முறை திறந்து மூடும் அளவுக்கு வடிவமைக்கப்படுகிறது. நாளொன்றுக்கு நான்கு முறை என்றால் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள். ஆயுள் முடியும் நிலையில் உள்ள ஸ்பிரிங்குகள் குளிர்காலத்தில் முறிவது வழக்கம். முறுக்கப்பட்ட ஸ்பிரிங்கில் பெரும் விசை தேங்கியிருப்பதால் அதைப் பயிற்சி பெற்ற பணியாளர் மட்டுமே கழற்ற வேண்டும்.

குளிர் எங்கெல்லாம் தாக்குகிறது?

முதல் பாதிப்பு உயவுப் பொருளில் தெரியும். சாதாரண கிரீஸ் குளிரில் கெட்டியாகி, உருளைகளும் தண்டவாளமும் இறுகும். அடுத்தது ரப்பர். கதவின் அடியில் உள்ள ரப்பர் பட்டை விறைத்து, தரையுடன் சரியாகப் பொருந்தாமல் போகும்.

மூன்றாவது, தரையில் உறையும் நீர். காரில் ஒட்டிவந்த பனி உருகி வாசலில் தேங்கி, இரவில் ரப்பர் பட்டையைத் தரையோடு சேர்த்து உறையச் செய்யும். காலையில் பொத்தானை அழுத்தினால் மோட்டார் மேலே இழுக்கும், தரை விடாது. பட்டை கிழியலாம், ஓப்பனரின் பற்சக்கரம் தேயலாம், கதவின் மேல் பலகை வளையலாம். இந்தப் பழுதுக்கு அதிகக் குதிரைத்திறன் தீர்வாகாது. விசை கூடினால் சேதமும் கூடும். மாலையில் வாசலில் தேங்கிய நீரைத் தள்ளிவிடுவதும், பட்டையில் சிலிக்கோன் பூசுவதும் பயனுள்ள தடுப்பு முறைகள்.

நான்கு வகைகள்

செயின் வகை: சைக்கிள் சங்கிலி போன்ற செயினால் கதவை இழுக்கும் இவ்வகை விலை குறைந்தது, உறுதியானது, குளிரால் அதிகம் பாதிக்கப்படாது. குறை, இரைச்சல். வின்னிபெக் போன்ற நகரங்களில் பின்சந்தை ஒட்டி, வீட்டிலிருந்து தனித்து நிற்கும் கேரேஜ்களுக்கு இது பொருத்தமானது.

பெல்ட் வகை: இரைச்சல் குறைவு. டொரண்டோ புறநகர்களில் கேரேஜுக்கு மேலேயே படுக்கையறை அமைந்த வீடுகள் ஏராளம். அவற்றுக்கு இதுவே ஏற்றது. எஃகு இழை சேர்த்த பெல்ட்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது. சூடேற்றப்படாத கேரேஜில் சாதாரண ரப்பர் பெல்ட் விறைக்கக்கூடும்.

திருகுத்தண்டு வகை: நீண்ட மரையுள்ள தண்டு சுழன்று கதவை இழுக்கும். பாகங்கள் குறைவு என்றாலும், தண்டில் பூசிய கிரீஸ் கெட்டியாவதால் வெப்பநிலை மாற்றம் இவ்வகையை அதிகம் பாதிக்கிறது. கோடையும் குளிரும் உச்சத்தில் இருக்கும் பகுதிகளுக்கு இது முதல் தேர்வாக இருக்க முடியாது.

சுவரில் பொருத்தும் வகை: கதவின் மேலுள்ள ஸ்பிரிங் தண்டையே நேரடியாகச் சுழற்றுகிறது. கூரையில் நீண்ட தண்டவாளம் இல்லாததால் கிரீஸ் உறையும் இடங்களும் குறைவு, ஓசையும் குறைவு. ஆனால் விலை அதிகம். கதவில் முறுக்கு ஸ்பிரிங் தண்டும், அதன் பக்கவாட்டில் போதிய இடமும் இருக்க வேண்டும்.

மோட்டாரைப் பொறுத்தவரை, நேர்மின்னோட்டத்தில் இயங்கும் டிசி வகை மெதுவாகத் தொடங்கி மெதுவாக நிற்கிறது. குளிரில் இறுகிய பாகங்கள் மீது திடீர் அதிர்ச்சி விழாது. ஒற்றைக் கார் எஃகுக் கதவுக்கு அரைக் குதிரைத்திறனும், அகலமான வெப்பக்காப்புக் கதவுக்கும் மரக் கதவுக்கும் முக்கால் குதிரைத்திறன் அல்லது அதற்கு மேலும் தேவைப்படும். தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள இயங்கு வெப்பநிலை வரம்பை, அந்த ஊரின் குளிரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

மின்சாரம் நின்றால்?

2013 டிசம்பரில் டொரண்டோவைத் தாக்கிய பனிக்கட்டி மழையால் நகரில் மட்டும் சுமார் 3 லட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. சில பகுதிகளில் மின்சாரம் திரும்பப் பல நாள்கள் ஆயின. அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில், 2017 காட்டுத்தீயின்போது மின்தடையால் கேரேஜ் கதவைத் திறக்க முடியாமல் சிலர் சிக்கிக்கொண்டனர். அதைத் தொடர்ந்து, அங்கு விற்கப்படும் வீட்டு ஓப்பனர்களில் மாற்று பேட்டரி இருப்பது 2019 ஜூலை 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. மின்தடையும் கடுங்குளிரும் சேர்ந்து வரும் இடங்களுக்கும் அந்தப் பாடம் பொருந்தும்.

எனினும் பேட்டரியும் குளிருக்கு விலக்கல்ல. ஈய-அமில பேட்டரியின் கொள்திறன் குளிரில் கணிசமாகக் குறையும். சாதாரண லித்தியம் அயனி பேட்டரியை உறைநிலைக்குக் கீழே மின்னேற்றினால் பழுதாகும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலம் தொடங்கும் முன், ஓப்பனரின் மின்இணைப்பை எடுத்துவிட்டுப் பேட்டரியில் கதவு திறக்கிறதா எனப் பார்க்க வேண்டும்.

தனித்து நிற்கும் கேரேஜில் வேறு வாசல் இல்லையென்றால் மற்றொரு சிக்கல் எழும். சிவப்புக் கயிறு உள்ளே இருக்கும்; வீட்டுக்காரர் வெளியே நிற்பார். வெளியிலிருந்து சாவியால் கதவை விடுவிக்கும் பூட்டை, ஓப்பனர் பொருத்தும்போதே சேர்த்துப் பொருத்துவது இதற்குத் தீர்வு.

பாதுகாப்பில் சமரசம் கூடாது

அமெரிக்காவில் 1993 முதல் தயாரிக்கப்படும் வீட்டு ஓப்பனர்களில், கதவின் பாதையில் ஆளோ பொருளோ இருந்தால் மீண்டும் மேலே திரும்பும் ஏற்பாடு கட்டாயம். இதற்கான ஒளி உணரிகள் தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்துக்குள் பொருத்தப்படுகின்றன. அந்த உயரத்தில்தான் பனியும் சேறும் படியும். கண்ணாடி மறைந்தால் கதவு மூடாது. அப்போது உணரியைத் துடைக்க வேண்டுமே தவிர, இடம் மாற்றிக் கட்டிவைத்து அதை ஏமாற்றக் கூடாது.

விசை அளவை மாற்றுவதும் ஆபத்தானது. ஜனவரியில் கதவு இறுகுகிறது என விசையைக் கூட்டுவோர் கோடையில் அதைக் குறைக்க மறந்துவிடுகின்றனர். பின்னர் அதே விசையுடன் கதவு ஒரு குழந்தையின் மீது இறங்கக்கூடும். சுமார் 4 செ.மீ. தடிமனுள்ள மரக்கட்டையைத் தரையில் படுக்கவைத்துக் கதவை மூடும் சோதனையை மாதம் ஒருமுறை செய்ய வேண்டும். கட்டையைத் தொட்டதும் கதவு மேலே திரும்பாவிட்டால், பழுது நீக்கும் வரை ஓப்பனரைப் பயன்படுத்தக் கூடாது.

குளிர்நாடுகளுக்கே உரிய மற்றோர் ஆபத்து கார்பன் மோனாக்சைடு. கேரேஜுக்குள் காரை இயக்கிச் சூடேற்றுவது, கதவு திறந்திருந்தாலும் பாதுகாப்பானதல்ல. மணமற்ற அந்த வாயு ஒட்டியுள்ள அறைகளுக்குள் கசியும். மின்தடையின்போது ஜெனரேட்டரை கேரேஜில் இயக்குவதும் உயிருக்கு ஆபத்து. கேரேஜ் ஒட்டிய வீடுகளில் உறங்கும் இடத்துக்கு அருகே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருப்பதை ஒண்டாரியோ மாகாணம் 2014 அக்டோபரில் கட்டாயமாக்கியது.

வாங்கும் வரிசை

முதலில் கதவின் சமநிலையையும் ரப்பர் பட்டையையும் சரிபார்க்க வேண்டும். அடுத்து, கேரேஜ் வீட்டை ஒட்டியதா, தனித்ததா, சூடேற்றப்பட்டதா என்பதைப் பொறுத்து செயின், பெல்ட், சுவர் வகைகளில் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும். பின்னர் டிசி மோட்டார், மாற்று பேட்டரி, அங்கீகரிக்கப்பட்ட தரச்சான்றுக் குறி ஆகியவை உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். குதிரைத்திறனும், கைபேசியில் இயக்கும் வசதியும் அதற்குப் பிறகே.

ஓப்பனரைப் பொருத்தும் பணியை உறைபனிக்கு முன், செப்டம்பர் அல்லது அக்டோபரில் முடித்துவிடுவது நல்லது. ஸ்பிரிங்கில் தளர்ச்சி இருந்தால், அதைச் சரிசெய்ய அப்போது அவகாசம் இருக்கும்.